நாலு டயர், ரெண்டு பிராண்டு: சைஸ் ஒண்ணா இருந்தா போதுமா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். நம்ம லிசனர் ஒருத்தர் அனுப்பியிருந்தார். "அண்ணா, கார்ல ஒரு டயர் கிழிஞ்சு போச்சு. அதே டயர் எங்கேயும் ஸ்டாக் இல்ல. சைஸ் ஒண்ணா இருந்தா வேற கம்பெனி டயர் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கலாமா? ஃபிரெண்ட்ஸ் எல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கறாங்க."

அவசரத்துல இருக்கறவங்களுக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன். ஒரே ஆக்சில்ல, அதாவது முன்பக்க ஜோடியிலோ பின்பக்க ஜோடியிலோ, இடதுக்கு ஒரு டயர், வலதுக்கு வேற டயர் வேண்டாம். முன்னாடி ஒரு ஜோடி, பின்னாடி வேற ஜோடின்னா, டூ வீல் டிரைவ் கார்ல சமாளிக்கலாம். ஆனா நல்ல ஜோடி பின்னாடி போகணும். ஆல் வீல் டிரைவ் காரா இருந்தா நாலும் ஒண்ணா இருக்கணும்.

ஏன்னு தெரிஞ்சுக்க நேரம் இருக்கறவங்க தொடர்ந்து படிங்க. இந்தப் பாடத்தை நான் புத்தகத்துல படிக்கல. ஒரு மழை ராத்திரியில ரோட்டுல கத்துக்கிட்டேன்.

டயர் ஊர்ல டயர் கிடைக்கல

நான் வேலை செய்யறது வல்லம் வடகால் சிப்காட்ல. தெரியாதவங்களுக்கு: ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து சிங்கப்பெருமாள்கோயில் போற ரோட்டுல, ஓரகடத்துக்கு முன்னாடி வரும். ராயல் என்ஃபீல்டு, யமஹா ரெண்டும் இங்கேதான் பைக் செய்யறாங்க. கொஞ்ச தூரம் போனா ஓரகடத்துல அப்போலோ டயர்ஸ் ஃபேக்டரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துலயே ஜே.கே. டயருக்கு ஒரு பிளான்ட். கண்ணந்தாங்கல்ல சியட் 2020-ல திறந்த பிளான்ட். இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி கிட்ட தேர்வாய்கண்டிகையில மிஷ்லின். எம்.ஆர்.எஃப் கதையே 1946-ல திருவொற்றியூர்ல ஒரு பலூன் ஷெட்ல ஆரம்பிச்சதுதான். இத்தனை டயர் கம்பெனி சுத்தி இருக்கற ஊர் இந்தியாவுல ரொம்பக் கம்மி.

ஆனா ஃபேக்டரி பக்கத்துல இருந்தா நமக்கு வேணும்ங்கற டயர் பக்கத்துக் கடையில இருக்கும்னு அர்த்தம் இல்ல. நம்ம கார்ல வந்த அதே மாடல், அதே சைஸ், அதே ரேட்டிங் வேணும்னா ஒரு வாரம் காத்திருக்க வேண்டி வரலாம். அந்த ஒரு வாரத்துலதான் நாம தப்பு பண்றோம். நானும் அப்படித்தான் பண்ணேன்.

என்கிட்ட இருக்கறது 2021 மாடல் ஐ20 என் லைன். இங்கே இருந்து கொஞ்சம் தூரத்துல இருங்காட்டுக்கோட்டையில செஞ்ச கார்தான். 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ். சூப்பர் கார் இல்ல, ஆனா ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் சாதாரண ஐ20-யை விட டைட். டயர் சைஸ் 195/55 ஆர்16.

தீபாவளிக்கு முன்னாடி ஒரு சாயங்காலம், கன்டெய்னர் லாரிங்க நிக்கற சர்வீஸ் ரோட்டுல ஏதோ இரும்புத் துண்டு மேல ஏறிட்டேன். முன்பக்க இடது டயர் சைடுவால் கிழிஞ்சு போச்சு. பட்டன்ல ஆணி ஏறினா பஞ்சர் ஒட்டிடலாம். சைடுவால் கிழிஞ்சா ஒட்ட முடியாது, டயர் போச்சு. கடையில அதே டயர் இல்ல. "சார், சைஸ் சேம் சார், புதுசு சார்"னு வேற கம்பெனி டயர் ஒண்ணைக் காட்டினாங்க. மறுநாள் காலையில ஷிஃப்ட். வாங்கிப் போட்டுட்டேன்.

ரெண்டு நாள்லயே தெரிஞ்சுது. பிரேக்கை அழுத்தி அடிச்சா கார் ஒரு பக்கமா லேசா இழுத்தது. பதினைந்து நாள் பொறுத்துட்டு, முன்பக்க வலதுக்கும் அதே புது டயரைப் போட்டேன். இப்போ முன்னாடி ஒரே ஜோடி, இழுவை போச்சு. சரியாப் பண்ணிட்டோம்னு சந்தோஷம். பின்னாடி இருந்த பழைய ரெண்டும் முப்பத்தஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடினது. பட்டன் இன்னும் இருக்கேன்னு விட்டுட்டேன்.

நவம்பர்ல ஒரு ராத்திரி, நல்ல மழை. ரெண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பினேன். வேகம் அறுபதுதான். ஒரு வளைவுல ரோட்டு ஓரமா தண்ணி தேங்கி நிக்கறதைப் பார்த்துட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தேன். முன்பக்கம் ரோட்டை நல்லாப் பிடிச்சுக்கிட்டு வளைவுக்குள்ள போச்சு. பின்பக்கம் வரல. ஸ்டீயரிங் நேரா இருக்கு, கார் மட்டும் சுத்துது. டேஷ்போர்டுல இஎஸ்சி விளக்கு கண்ணைச் சிமிட்டுது. கார் மீடியனைப் பார்த்தபடி நின்னுச்சு.

பின்னாடி வந்தது ஒரு கம்பெனி பஸ். இங்கே ஷிஃப்ட் மாறுற நேரம் ஹாஸ்டலுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல இந்த பஸ்ஸுங்க வரிசையா ஓடும். அந்த டிரைவர் அண்ணன் தூரம் விட்டு வந்ததால நிறுத்த முடிஞ்சுது. ஜன்னல்ல எல்லாம் பொண்ணுங்க முகம். யாரும் திட்டல. என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

ஒரே சைஸ், ஆனா ஒரே டயர் இல்ல

மறுநாள் எனக்குத் தெரிஞ்ச அலைன்மென்ட் கடை அண்ணன்கிட்ட காரைக் கொண்டு போனேன். நாலு சக்கரத்தையும் சுத்தி வந்து பார்த்துட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, புதுசை ஏன் முன்னாடி போட்ட?"

அதுக்குப் பதில் புரியணும்னா முதல்ல டயர்னா என்னன்னு பார்க்கணும். உங்க கார் ரோட்டைத் தொடறது நாலே இடத்துலதான். ஒவ்வொண்ணும் ஏறக்குறைய உங்க உள்ளங்கை அளவு. எஞ்சின் பவர், பிரேக், ஸ்டீயரிங், ஏபிஎஸ் எல்லாம் அந்த நாலு உள்ளங்கை வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும்.

டயர் சைடுல எழுதியிருக்கற 195/55 ஆர்16 என்ன சொல்லுது? அகலம் 195 மி.மீ. சைடுவால் உயரம் அந்த அகலத்துல 55 சதவீதம். ஆர்னா ரேடியல். ரிம் 16 இன்ச். அவ்வளவுதான். உள்ளே என்ன ரப்பர்னு அந்த எண் சொல்லாது.

டயர் வெறும் ரப்பர் இல்ல. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் பிளாக், சிலிகா, கந்தகம், எண்ணெய், துணி இழை, ஸ்டீல் பெல்ட் எல்லாம் சேர்ந்த கலவை. 1990-களின் தொடக்கத்துல மிஷ்லின் கார் டயர்ல கார்பன் பிளாக்குக்குப் பதிலா சிலிகாவைப் பெரிய அளவுல பயன்படுத்த ஆரம்பிச்சது. ஈர ரோட்டுல பிடிப்பும் கிடைக்கும், பெட்ரோலும் மிச்சமாகும்ங்கறது அதோட லாபம். இன்னிக்கு ஒவ்வொரு கம்பெனியும் இந்தக் கலவையைத் தன் விருப்பப்படி வச்சிருக்கு. ஒண்ணு அதிக கிலோமீட்டர் ஓடறதுக்காகச் செஞ்சது. ஒண்ணு மைலேஜுக்கு. ஒண்ணு பிடிப்புக்கு. நம்ம வீட்டு இட்லி மாவும் பக்கத்து வீட்டு இட்லி மாவும் மாதிரி. பொருள் ஒண்ணுதான், அளவு வேற, வர்றது வேற.

ரெண்டாவது வித்தியாசம் சைடுவால். நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பினதும் டயர் பார்க்கற திசையும் கார் போற திசையும் அப்படியே ஒண்ணா இருக்காது. ரப்பர் முறுக்கிக்கிட்டு, கொஞ்சம் கோணலாத்தான் உருளும். அந்தச் சின்னக் கோணத்துக்கு ஸ்லிப் ஆங்கிள்னு பேர். விறைப்பான டயர் சின்னக் கோணத்துலயே பக்கவாட்டு விசையைக் கொடுத்துடும். மெத்துன்னு இருக்கற டயருக்குப் பெரிய கோணம் வேணும். ரெண்டும் நல்ல டயராவே இருக்கலாம். ஆனா ஒரே ஆக்சில்ல ஒண்ணு விறைப்பு, ஒண்ணு மெத்துன்னா, இடது பக்கம் திரும்பறப்போ ஒரு மாதிரி, வலது பக்கம் திரும்பறப்போ ஒரு மாதிரி இருக்கும்.

மெதுவா ஓட்டற காருக்கு இது பெரிசாத் தெரியாது. பெர்ஃபார்மன்ஸ் காருக்குத் தெரியும். ஏன்னா சின்ன ஸ்டீயரிங் அசைவுக்கே பதில் சொல்ற மாதிரி அதைச் செட் பண்ணியிருப்பாங்க, நாமளும் டயரோட எல்லைக்குப் பக்கத்துல அதை ஓட்டுவோம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ஒரு நாய் குறுக்கே வந்து நீங்க பிரேக்கை மிதிக்கற அந்த ஒரு செகண்டுல, ஆல்டோவும் அதே எல்லைக்குத்தான் போகுது.

பிரேக் அடிக்கறப்போ

என் கார் ஏன் ஒரு பக்கம் இழுத்தது? முன்பக்க ரெண்டு டயருக்கும் பிடிப்பு வேற வேற. ஒரு பக்கம் அதிகமாப் பிடிக்குது, இன்னொரு பக்கம் கம்மி. கார் பிடிப்பு அதிகம் இருக்கற பக்கமாத் திரும்பப் பார்க்கும்.

"அதுக்குத்தானே ஏபிஎஸ் இருக்கு?"ன்னு கேப்பீங்க. ஏபிஎஸ் பிடிப்பை உண்டாக்காது, இருக்கற பிடிப்பை வீணாக்காமப் பார்த்துக்கும். இன்னொரு விஷயம்: பல கார்கள்ல பின்பக்க ரெண்டு சக்கரத்துக்கும் பிரேக் அழுத்தத்தை, அதுல எது பலவீனமோ அதுக்கு ஏத்த மாதிரிதான் ஏபிஎஸ் கொடுக்கும். கார் சுத்தாம இருக்கறதுக்காக இப்படிச் செஞ்சிருக்காங்க. அப்போ பின்பக்கம் ஒண்ணு நல்ல டயர், ஒண்ணு சுமாரான டயர்னா, அந்த நல்ல டயருக்குக் கொடுத்த காசும் பாதி வீண்.

புதுசு ஏன் பின்னாடி?

என் கார் ஃபிரன்ட் வீல் டிரைவ். எஞ்சின் முன்னாடி, ஸ்டீயரிங் முன்னாடி, பிரேக் வேலையும் அதிகம் முன்னாடிதான். அப்போ நல்ல டயர் முன்னாடி போகணும்னுதானே தோணும்? எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. டயர் கம்பெனிங்க ரொம்ப நாளா இதுக்கு நேர் எதிராச் சொல்லிட்டு வர்றாங்க: ரெண்டு மட்டும் மாத்தறீங்கன்னா புதுசு பின்னாடி.

காரணம் இதுதான். முன்பக்கம் வழுக்கினா கார் நேராப் போகப் பார்க்கும். ஸ்டீயரிங் லேசாகிடுச்சுன்னு கையில தெரியும். வேகத்தைக் குறைச்சா எடை முன்பக்கம் வரும், பிடிப்பு பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். பின்பக்கம் வழுக்கினா கதை வேற. கையில எந்தத் தகவலும் வராது. பயந்து காலை எடுத்தா எடை இன்னும் முன்னாடி போகும், பின்பக்கம் இன்னும் லேசாகும், கார் சுத்தும். அதைத் திருத்தத் தெரிஞ்ச டிரைவருங்க ரேஸ் டிராக்ல இருப்பாங்க. நாம இல்ல.

மழையில இது இன்னும் மோசம். புது டயர் பட்டன் ஆழம் சாதாரணமா 8 மி.மீ பக்கத்துல இருக்கும். அந்தக் காடி வழியாத்தான் தண்ணி வெளியே போகணும். தேய்ஞ்ச டயர்ல தண்ணி போக வழி இல்லாம, டயர் தண்ணி மேலயே மிதக்கும். நம்ம ஊர் சட்டப்படி கார் டயருக்குக் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. காடிக்குள்ள சின்ன மேடு மாதிரி இருக்கும், டி.டபிள்யூ.ஐ குறி. பட்டன் அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் முடிஞ்சுது. என் பின்பக்க டயர்ல அண்ணன் அளந்தப்போ ரெண்டரை மி.மீ இருந்தது. சட்டத்துக்குச் சரி. அக்டோபர், நவம்பர் மழைக்குச் சரி இல்ல.

அதாவது நான் பண்ணது பிராண்டு கலந்த தப்பு மட்டும் இல்ல. முன்னாடி பிடிப்பை ஏத்திட்டு பின்னாடி அப்படியே விட்டதால, கம்பெனி எஞ்சினியருங்க பார்த்துப் பார்த்து வச்ச பேலன்ஸை நானே தலைகீழா மாத்திட்டேன்.

பிராண்டு ஒண்ணா இருந்தாலும் போதாது

இந்தக் கார்களை வச்சிருக்கறவங்க இதைக் கவனிங்க. போர்ஷே, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி எல்லாம் டயர் கம்பெனியோட உட்கார்ந்து தங்க காருக்குன்னே டயரைச் செய்ய வைப்பாங்க. சைடுவால்ல அடையாளம் இருக்கும். பிஎம்டபிள்யூவுக்கு ஒரு நட்சத்திரம். மெர்சிடிஸுக்கு எம்ஓ. ஆடிக்கு ஏஓ. போர்ஷேவுக்கு என்-0, என்-1ன்னு வரிசை எண். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சைஸ்தான். ஆனா நட்சத்திரம் போட்டதும் போடாததும் உள்ளே வேற டயர். என்-0வையும் என்-1ஐயும்கூடக் கலக்காதீங்கன்னு போர்ஷே சொல்லும்.

சைஸுக்குப் பக்கத்துல இன்னொரு குறி இருக்கும், 87எச் மாதிரி. 87ன்னா அந்த ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும். எச்னா மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. வி-ன்னா 240. கம்பெனி சொன்னதை விடக் கம்மியான குறி போடக் கூடாது. அப்புறம் ஐஎஸ்ஐ முத்திரை. அது ஒரு டயரோட அடிப்படைத் தரத்துக்கு உத்தரவாதம். ரெண்டு டயர் ஒண்ணுக்கொண்ணு ஜோடி சேரும்ங்கறதுக்கு இல்ல.

கடைசியா வயசு. சைடுவால்ல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2319ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. ஒரே மாடல்ல ஒண்ணு இந்த வருஷத்தது, ஒண்ணு அஞ்சு வருஷம் வெயில்ல கிடந்ததுன்னா, அதுவும் கலப்படம்தான். ரப்பர் வயசாக ஆக இறுகிடும்.

ஆல் வீல் டிரைவ்: இங்கே பேச்சே இல்ல

நம்ம ரோட்டுல சிங்கப்பெருமாள்கோயில் வரைக்கும் போனா பிஎம்டபிள்யூ பிளான்ட் பக்கம் வந்துடலாம். எம்340ஐ எக்ஸ்டிரைவ் 2021-ல இருந்து அங்கே அசெம்பிள் ஆன கார். இந்த மாதிரி ஆல் வீல் டிரைவ் கார்ல ஏன் நாலும் ஒண்ணா இருக்கணும்னு ஒரு சின்னக் கணக்குல பார்ப்போம்.

என் டயர் சைஸையே எடுத்துக்குவோம். மொத்தக் குறுக்களவு சுமார் 621 மி.மீ, சுற்றளவு சுமார் 1,951 மி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 513 சுற்று. பட்டன் 5 மி.மீ தேய்ஞ்சா குறுக்களவு 10 மி.மீ குறையும். இப்போ ஒரு கிலோமீட்டருக்கு 521 சுற்று. எடை ஏறி உருளும்போது இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையலாம், ஆனா போகாது. வேற பிராண்டுன்னா புதுசுலயே சில மி.மீ வித்தியாசம் இருக்கலாம். அளவுத் தரநிலைகள் அதை அனுமதிக்கும்.

டூ வீல் டிரைவ் கார்ல முன்னாடி பின்னாடி சக்கரம் தனித்தனி, அதனால இது பெரிய பிரச்சனை இல்ல. ஆல் வீல் டிரைவ்ல ரெண்டும் நடுவுல ஒரு கிளட்ச் வழியாவோ டிஃபரென்ஷியல் வழியாவோ இணைஞ்சிருக்கு. நேர் ரோட்டுல போனாலும் வளைவுல போறதா நெனச்சு அது தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும், சூடாகும். டயர்ல மிச்சம் பிடிச்ச காசு மாதிரி பல மடங்கு அங்கே செலவாகும். சுபாரு கம்பெனி நாலு டயரோட சுற்றளவு வித்தியாசம் கால் இன்ச்சுக்குள்ள, அதாவது 6 மி.மீ சொச்சத்துக்குள்ள இருக்கணும்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

சரி, டயர் கிழிஞ்சுடுச்சு. இப்போ என்ன பண்றது?

நாளைக்குக் காலையில ஷிஃப்ட் இருக்கு, அதே டயர் இல்ல. நான் இப்போ என்ன செய்வேன்னு சொல்றேன்.

முதல்ல ஸ்டெப்னி. சின்ன சைஸ் ஸ்டெப்னியா இருந்தா அதுலயே வேக எல்லை எழுதியிருக்கும், பெரும்பாலும் 80. மெதுவா வீட்டுக்குப் போகவும் கடைக்குப் போகவும் அது போதும். ஒரு வாரம் ஆபீஸுக்கு பஸ்ல போனாலும் பரவாயில்ல.

ரெண்டாவது, அதே டயர் ஒண்ணு கிடைச்சா, மிச்சம் இருக்கற மூணோட பட்டனை அளந்து பாருங்க. அதெல்லாம் கிட்டத்தட்ட புதுசுன்னா ஒண்ணு மட்டும் போதும். பாதிக்கு மேல தேய்ஞ்சிருந்தா ஜோடியா வாங்குங்க.

மூணாவது, அதே டயர் கிடைக்கவே இல்லன்னா, வேற பிராண்டுல ஜோடியா வாங்குங்க. சைஸ், லோடு, வேகக் குறி சரியா இருக்கணும். பழைய டயர் எந்த வகையோ அதே வகை. ஸ்போர்ட்ஸ் டயருக்கு ஜோடியா மைலேஜ் டயர் வேண்டாம். புது ஜோடியைப் பின்னாடி போட்டு, பின்னாடி இருந்ததுல நல்ல ரெண்டை முன்னாடி கொண்டு வாங்க. முன்னாடி, பின்னாடி சைஸே வேறயா இருக்கற கார்ல இப்படி மாத்த முடியாது, அங்கே எந்த ஆக்சிலோ அதுக்கே ஜோடி. கடைக்காரர் "புதுசு முன்னாடிதான் சார் போடுவாங்க"ன்னு சொன்னா, பரவாயில்ல, பின்னாடியே போடுங்கன்னு சொல்லுங்க.

நாலாவது, போட்டதும் பேலன்சிங், அலைன்மென்ட், டோர் பக்கத்து ஸ்டிக்கர்ல இருக்கற அளவுக்குக் காத்து. முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க. புது டயர் மேற்பரப்பு கொஞ்சம் வழுக்கலாத்தான் இருக்கும்.

நம்ம பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு எப்பவாவது போய்ப் பாருங்க. அங்கே எம்.ஆர்.எஃப் சேலஞ்ச் மாதிரி ரேஸ் நடந்தப்போ எல்லா காருக்கும் ஒரே டயர்தான். டயர் மாறினா காரே மாறிடும்னு அவங்களுக்குத் தெரியும்.

என் கார்ல இப்போ நாலும் ஒரே டயர், ஒரே மாசத்துல செஞ்சது. அந்தப் புது ரெண்டையும் கழட்டி, அதே சைஸ்ல ஜோடி தேவைப்பட்ட ஒரு ஃபிரெண்டுக்குக் கொடுத்துட்டேன். பின்னாடி போடச் சொல்லித்தான் கொடுத்தேன்.

வாய்ஸ் நோட் அனுப்பின தம்பி, உங்களுக்கு என் பதில்: ஒண்ணு மட்டும் வாங்காதீங்க. உங்க கார் எது, பட்டன் எவ்வளவு இருக்குன்னு அளந்து அனுப்புங்க, சேர்ந்து பார்க்கலாம். மத்தவங்களும் இன்னிக்கு வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழே குனிஞ்சு பின்பக்க டயரைப் பாருங்க. மழை சீசன் வருது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.